மரபணுக் குறியீடு அல்ல, மரபுக்குறி

காரைக்குடிப் பக்கம் கண்மாய்களை அடைத்து நிற்கும் வேலிக்கருவையை, அதாவது சீமைக்கருவேலத்தைப் பற்றி யார் எழுதினாலும், ‘மரபணுக் குறியீட்டை வைத்து இதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கலாம்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. குறியீட்டை வைத்து யாரும் பூர்வீகம் பார்க்க முடியாது. சொல்ல வந்தது ஜெனடிக் மார்க்கர். எழுதியிருப்பது ஜெனடிக் கோட்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளை மும்மூன்றாகப் படித்து, எந்த மூன்றுக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் விதிதான் குறியீடு. மொத்தம் 64 மும்மைகள். நம் கண்மாய்க் கருவைக்கும் மெக்சிகோக் கருவைக்கும் விதி ஒன்றுதான். அதன் நெற்றைத் தின்னும் ஆட்டுக்கும், ஆட்டை மேய்ப்பவருக்கும் அதேதான். எல்லோருக்கும் பொதுவான ஒன்று எப்படி ஊரைக் காட்டும்? மார்க்கரோ டி.என்.ஏ.வில் மரத்துக்கு மரம், நாட்டுக்கு நாடு வேறுபடும் இடம்.

சரி, ‘மரபணுக் குறிப்பான்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதுவும் பாதிதான் சரி. பூர்வீகம் தேட அதிகம் பயன்படுபவை, சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அவற்றில் பெரும்பாலானவை மரபணுவே அல்ல, எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் விலாசம் வெட்டியிருப்பார்களே, அதைப் போல. அண்டாவில் தண்ணீர் நிற்க அந்த எழுத்து வேண்டாம். எந்த வீட்டு அண்டா என்று சொல்ல அதுதான் வேண்டும்.

ஆகவே மரபுக்குறி. மரபு, தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே பெயரான சொல். குறி, குறித்தலிலிருந்து வந்தது. ‘அணு’ தேவையில்லை.

வேலிக்கருவை 1870களில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இதற்குப் பெரு நாட்டுப் பக்கத்தில் ஓர் உறவு மரம் உண்டு. பார்வைக்கு இரண்டையும் பிரிப்பது கடினம். வேலிக்கருவைக்குக் குரோமோசோம் 56, அதற்கு 28. மரபுக்குறிகளும் இரண்டையும் பிரித்துக் காட்டும். தாயகம் தெரிந்தால், அங்கே இதைத் தின்று அடக்கி வைக்கும் பூச்சிகளைத் தேடலாம். ஆய்வின் பயனே அதுதான். அதைத் தமிழில் படிப்பவருக்குக் ஜெனடிக் கோட், மார்க்கர் இரண்டும் ஒரே சொல்லாகக் கிடைத்தால் ஒன்றும் விளங்காது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த மார்க்கர் என்ன வேலை செய்கிறது என்று தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் கேட்பதில்லை.