டூர் படிவத்தில் இல்லாத கேள்விகள்

நீலகிரியில் கூடலூர் பக்கம் பள்ளிக்கூட டூர் சீசன் வந்துவிட்டால் என் கிளினிக்கில் கையில் படிவத்தோடு ஒரு கூட்டம் சேரும். "டாக்டர் சார், தீம் பார்க் கூட்டிட்டுப் போறாங்களாம், போலாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள். பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பா போன் நம்பர், இவ்வளவுதான் படிவத்தில் இருக்கும். ரத்த வகையை எழுதி வாங்குவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் ஏற்றும் முன் மறுபடி சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்திலிருந்து போகிற இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று, மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் வாட்டர் தீம் பார்க். இன்னொன்று வொண்டர்லா. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி, 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர், 2025 டிசம்பரில் சென்னை என்று வளர்ந்த நிறுவனம் அது. பெங்களூரு பூங்கா மைசூர் சாலையில் பிடதியில் இருப்பதால் நமக்குப் பந்திப்பூர் வழி. அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். அதனால் பல பஸ்கள் முந்தின நாள் மாலையே கிளம்பிவிடுகின்றன. ராத்திரி முழுக்க பஸ்ஸில் பாட்டு, கும்மாளம். காலையில் டீயும் பிஸ்கட்டும். பத்து மணிக்கு அந்தப் பிள்ளையை ரோலர் கோஸ்டரில் உட்கார வைக்கிறோம்.

பெற்றோருக்குப் பயமெல்லாம் இயந்திரத்தின் மேல்தான். அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டூர் முடிந்து என்னிடம் வருகிறவர்களின் தொந்தரவு பெரும்பாலும் அவர்கள் ஏறும்போதே கொண்டுபோன உடம்பிலிருந்து வந்ததாக இருக்கிறது. தூக்கமில்லாத, தண்ணீர் குடிக்காத, ஏற்கெனவே ஏதோ ஒரு நோய் உள்ள உடம்பு.

கழுத்திலிருந்து தொடங்குகிறேன். பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். ரோலர் கோஸ்டர் பள்ளத்தின் அடியில் வளைந்து மேலேறும்போது, புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு விசை சில நொடிகள் இருந்தால், கழுத்து 20 கிலோவைத் தாங்குகிறது. 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று ஒரு கோஸ்டர் ஓடியது. அதன் சுழல் சரியான வட்டம். வேகம் அதிகமாக இருக்கிற அடிப்பகுதியிலேயே வளைவு சட்டென்று தொடங்கிவிடும். அதில் போனவர்களுக்குக் கழுத்து வலி வந்தது. இன்றைய சுழல்கள் கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கின்றன, கீழே அகலமாக, மேலே குறுகலாக. 1976-இல் கலிபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' என்ற கோஸ்டருக்கு ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல் இந்த வடிவத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். கழுத்தின் மேல் வந்த அடி இதனால் வெகுவாகக் குறைந்தது.

இருந்தாலும் தலையை எப்படி வைத்திருக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. வொண்டர்லாவின் 'ரீகாயில்' முன்னால் போய் அதே பாதையில் பின்னாலும் வரும். பின்னோக்கி வரும்போது அடுத்த திருப்பம் கண்ணுக்குத் தெரியாது, கழுத்துத் தசை தயாராக இருக்காது. சென்னைப் பூங்காவின் 'தஞ்சோரா'வில் தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். எதில் போனாலும் பின்தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வையுங்கள். பக்கத்துச் சீட்டில் இருக்கும் நண்பன் கத்துகிறானா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். கழுத்து எலும்புத் தேய்மானம், டிஸ்க் தொந்தரவு, எலும்பு மெலிவு உள்ளவர்கள் கீழேயே நின்று பையைப் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு இதில் பேச்சே வேண்டாம்.

இதயம். ஜெர்மனியின் மான்ஹைம் மருத்துவர்கள் 55 பேருக்கு இ.சி.ஜி. கருவியை மாட்டி கோஸ்டரில் அனுப்பிப் பார்த்தார்கள். சராசரி இதயத் துடிப்பு 91-லிருந்து 153-க்குப் போனது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் கதை வேறு. கூடப் போகிற ஆசிரியர்கள், தாத்தாக்கள் இதைத் தங்களுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். "கோஸ்டர்ல போனா கிட்னி கல் விழுந்துடுமாமே டாக்டர்?" என்று வாட்ஸப்பைக் காட்டிக் கேட்கிறார்கள். செய்தி முழுப் பொய்யல்ல. 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிறுநீரக மாதிரி ஒன்றைச் செய்து, அதில் கற்களைப் போட்டு, ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவின் ஒரு கோஸ்டரில் ஏற்றினார்கள். கடைசிச் சீட்டில் கற்கள் சுமார் 64 சதவீத முறை நகர்ந்து வெளியேறின, முன் சீட்டில் சுமார் 17 சதவீதம்தான். அது தலைகீழாகச் சுழலாத கோஸ்டர், கல்லும் சின்னக் கல். இதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். ஸ்கேன் எடுங்கள்.

நான் உண்மையில் எழுத வந்தது சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் நோய் பற்றி. நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமுதாயங்களில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. பரிசோதனை அட்டை பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அந்த அட்டை டூர் பஸ்ஸில் ஏறுவதில்லை. இந்த நோயில் ரத்தச் சிவப்பணு வளைந்து, சிறு குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொண்டுவரும். அதைத் தூண்டுபவை உடம்பில் நீர் வற்றுதல், திடீர்க் குளிர், கடும் களைப்பு. வாட்டர் தீம் பார்க்கில் ஒரு பகல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெயிலில் வரிசை, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம், ஈர உடையோடு காற்றில் அடுத்த வரிசை. இடம் போய்விடும், பாத்ரூம் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதும் கிடையாது. மூன்றும் சேர்ந்துவிடுகிறது.

அதற்காக அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை போகட்டும். தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்க வையுங்கள். நீரில் நேரத்தைக் குறைத்து, வெளியே வந்ததும் துவட்டி உடை மாற்றுங்கள். ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளை அன்றைக்கும் விடக்கூடாது. சமீபத்தில் வலி வந்து அட்மிட் ஆன பிள்ளையும், எப்போதாவது பக்கவாதம் வந்த பிள்ளையும் பெரிய ரைடுகளுக்கு வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், காய்ச்சல், கைகால் எலும்பில் கடும் வலி, இதில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. வெறும் கேரியர் (நோய் இல்லை, அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று அட்டையில் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், தண்ணீர் மட்டும் ஒழுங்காகக் குடித்தால் போதும். அப்புறம் ஒன்று: இதை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் "உனக்கு அந்த நோய்தானே" என்று கேட்டால் அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை எதையும் சொல்லாது.

பிளாக் தண்டர் போகிறவர்கள் நடுவட்டம் ஏறி, ஊட்டியில் 2,240 மீட்டரைத் தொட்டு, குன்னூரைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பாதிப் பேருக்கு வாந்தி. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். பிரோமெதசின் வகை மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், வாயை உலர்த்தும், வியர்வையையும் குறைக்கும். வெயில் நாளில் வியர்வை குறைவது நல்லதல்ல. மயக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கோஸ்டரில் ஏற்றாதீர்கள், வாந்தி எடுத்த பிள்ளைக்கு முதலில் ஓஆர்எஸ் கொடுங்கள்.

நுழைவாயிலில் உயரக் கோடு போட்டிருப்பார்கள். சில அப்பாக்கள் பிள்ளையைக் குதிகால் தூக்கி நிற்கச் சொல்கிறார்கள். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் கம்பி அந்த உயரத்துக்கு மேற்பட்ட உடம்புக்குத்தான் சரியாகப் பொருந்தும். பிள்ளை தைரியசாலியா என்று கம்பிக்குத் தெரியாது.

திரும்பி வந்தபின் அன்று ராத்திரி உடம்பு வலி, லேசான தலைசுற்றல் சகஜம். ஆனால் கடுமையான தலைவலியோ, கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் வலியோ, கை மரத்துப்போதலோ, பேச்சுக் குழறலோ, கண்ணில் மின்னல் அடிப்பதோ வந்தால் காத்திருக்காதீர்கள். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தமும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவதும் அபூர்வம்தான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சில சமயம் ரைடு முடிந்து பல நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் டூரே மறந்துபோயிருக்கும், காய்ச்சல் தலைவலி என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள். டாக்டரிடம் போனால் "போன வாரம் ரோலர் கோஸ்டர்ல போனேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.