பி.எட். பற்றி அப்புறம் பேசலாம், பி.எஸ்சி. என்ன எடுக்கப்போகிறீர்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எனக்கு விடாமல் போன் வரும். "சார், பொண்ணு சயின்ஸ் டீச்சர் ஆகணும்ங்கிறா. எந்த காலேஜ்ல பி.எட். நல்லா இருக்கும்?" கல்வியியல் கல்லூரியில் அறிவியல் கற்பித்தல் முறை நடத்துகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மூன்று வருஷம் கழித்துக் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட்டு, இப்போது கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். பி.எஸ்சி.யில் எந்த மேஜர் என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரை பாடம் எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர், நாம் பி.டி. அசிஸ்டென்ட் என்போமே, அவர்தான். அறிவியலுக்கான பணியிடங்கள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நான்கு பெயர்களில்தான் வரும். உங்கள் பட்டத்தின் பெயர் இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அது இந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். கல்லூரி சேர்மன் சொல்வதோ, சீனியர் சொல்வதோ சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் செல்லாது.

என்னிடம் பி.எட். படித்த ஒரு மாணவியை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் பட்டத்தின் பெயரில் வேதியியலோடு இன்னொரு சொல்லும் ஒட்டியிருந்தது. சேர்க்கும்போது, "கெமிஸ்ட்ரியேதாம்மா, கூடுதலா வேலைவாய்ப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் முறையே பாஸ். ஆனால் சரிபார்ப்பில் இணைத்தன்மை அரசாணையைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை. அன்று சாயங்காலம் பச்சை நிற ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழும் வரிசையாகப் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஒரே ஒரு உறை காலி. "சார், இதுல என்ன வைக்கணும்னு மூணு வருஷத்துல ஒருத்தர்கூட சொல்லலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நானும்தான் கேட்காமல் விட்டேன். பி.எட். சேர இடம் கிடைத்ததையே வேலைக்கான தகுதி என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேறு.

படித்த வரிசையும் முக்கியம். பத்து, பிளஸ் டூ, பிறகு மூன்று வருடப் பட்டம் என்று போயிருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை நம்பி பி.எட். திட்டம் போடாதீர்கள். நாளைக்கு முதுகலை ஆசிரியராகப் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் போக நினைத்தால் எம்.எஸ்சி.யும் அதே பாடத்தில் இருக்கட்டும். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஆசைக்கு வேறொன்றில் எம்.எஸ்சி. சேர்ந்தவர்கள் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி பி.எட். 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு. பட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும், மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. முடிந்தவரை அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாகச் சேருங்கள். 1856-ல் தொடங்கிய சென்னை சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் கல்லூரி இன்றும் நடக்கிறது. "கிளாசுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. அதைத் தொலைத்தவருக்குக் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

போன வருடம் ஒரு பயிற்சி மாணவியின் வகுப்பைப் பார்க்கப் போனேன். அமிலம், காரம் பாடம். செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார். எலுமிச்சைச் சாறு விட்டதும் சிவந்தது, சோப்புத் தண்ணீரில் பச்சையாக மாறியது. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், புளித்தண்ணி ஊத்தினா?" என்றான். பாடக்குறிப்பில் அது இல்லை. ஒரு நிமிஷம் திகைத்தவர், அவனையே சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிக் கொஞ்சம் புளி வாங்கிவரச் சொன்னார். கரைத்து ஊற்றினார்கள். சிவந்தது. வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நிமிஷத் திகைப்பைத் தாண்டுவதற்குத்தான் 20 வாரம்.

அடுத்து டெட். பட்டதாரி ஆசிரியருக்கு இரண்டாம் தாள்: 150 கேள்வி, அதில் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. கணக்கை ஒதுக்கிவிட்டு வரும் தாவரவியல், விலங்கியல் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். டெட் பாஸ் செய்தாலே வேலை என்றும் இருக்காதீர்கள். 2018-ல் வந்த அரசாணைப்படி அதற்குப் பிறகு நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. 2024 பிப்ரவரியில் டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்திய அந்தத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் இருந்தது. 50-க்கு 20 எடுக்காதவரின் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் டெட் முடிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம், பி.எட். வரை தமிழ் வழி என்பதற்கு ஒவ்வொரு நிலைக்கும் சான்று கேட்பார்கள். படித்த தொடக்கப் பள்ளிக்கு இந்த விடுமுறையிலேயே ஒருமுறை போய்வந்துவிடுங்கள். பள்ளியை மூடிய பிறகு பதிவேட்டைத் தேடி அலைவது பெரும்பாடு.

பிளஸ் டூ முடித்ததும் பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே வருடத்தில் முடிக்கும் வழியும் இருக்கிறது. மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் இதற்குப் பேர்போனது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் பிள்ளைகள் அதைக் கேள்விப்படுவதே கடைசித் தேதி முடிந்த பிறகுதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். டி.ஆர்.பி. கடைசியாக வெளியிட்ட பட்டதாரி ஆசிரியர் அறிவிக்கையைப் பதிவிறக்கி, கல்வித் தகுதிப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கல்லூரி அட்மிஷன் மேஜையில் வைத்து, "இந்தப் பட்டம் இதில் எந்த வரியில் வருகிறது?" என்று கேளுங்கள். இணையானது என்றால் அரசாணை எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லையா, அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.