இளம் அணி எப்போது வெல்லத் தொடங்கும்? இண்டியானா ஃபீவர் சொல்லும் கணக்கு

2022 பருவத்தில் இண்டியானா ஃபீவர் 36 ஆட்டங்கள் ஆடி 5-ல் மட்டும் வென்றது. ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு பருவம் முடியும்வரை தொடர்ந்து 18 தோல்வி. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில், கல்லூரி முடிக்கும் வீராங்கனைகளை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஃபீவர் நான்கு பேரை எடுத்தது: நலிசா ஸ்மித், எமிலி எங்ஸ்ட்லர், லெக்ஸி ஹல், குவீன் எக்போ. ஒரே இரவில் நான்கு இளம் வீராங்கனைகள் வந்து சேர்ந்ததில் ரசிகர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. பருவ முடிவில் கையில் இருந்தது 5 வெற்றி, 31 தோல்வி.

இரண்டு ஆண்டு கழித்து, 2024-ல், அதே அணி 20 வென்று 20 தோற்றுப் பிளேஆஃபுக்குள், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள், நுழைந்தது. இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடந்தது என்ன என்பது புரிந்தால், புதிதாகக் கட்டப்படும் எந்த அணியிடமும் எதை, எப்போது எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். வெற்றிப் பட்டியலில் தெரியும் மாற்றம் கடைசியாகத்தான் வரும். அதற்கு வெகுமுன்பே வேறு சில எண்கள் அசையத் தொடங்கிவிடும்.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். 2024-ல் கேட்லின் கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி இறுதி ஆட்டத்தை ஆடியது ஏப்ரல் 7. டிராஃப்டில் ஃபீவர் அவரை முதல் ஆளாக எடுத்தது ஏப்ரல் 15. முதல் லீக் ஆட்டம் மே 14. இடையில் 37 நாள்தான். அதில் வீடு மாறுவது, புதிய ஊர், புதிய பயிற்சியாளர், ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்வது எல்லாம் அடங்கும். அதன்பின் அட்டவணை நெருக்கியடித்தது: முதல் 20 நாளில் 11 ஆட்டம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டமும் பயணமும் என்றால் முழு வேகப் பயிற்சிக்கு நேரமே இல்லை. களத்தில் நடந்தபடியே திட்டங்களை ஒருமுறை ஒத்திகை பார்ப்பதோடு சரி. அந்த 11 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 தோல்வி. ஜூலை நடுவில் ஒலிம்பிக்கிற்காக லீக் ஒரு மாதம் நின்றது. அதுவரை 11 வென்று 15 தோற்றிருந்த அணி, ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டு வந்து 9 வென்று 5-ல் மட்டுமே தோற்றது. அந்த இடைவேளையில் ஆட்கள் பெரிதாக மாறவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது பழகுவதற்கான நேரம்.

கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவருக்கு எதைப் பழக வேண்டும் என்று தோன்றலாம். மூன்று புள்ளிக் கோடு இரண்டு இடத்திலும் ஒரே தூரம், 6.75 மீட்டர். ஆட்ட நேரமும் இரண்டிலும் 40 நிமிடம். மாறுவது, முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம். கல்லூரியில் பந்து கைக்கு வந்தபின் 30 விநாடிக்குள் எறிய வேண்டும், இங்கே 24 விநாடிக்குள். டிஃபென்ஸுக்கும் ஒரு விதி கூடுகிறது. கல்லூரியில் உயரமான வீராங்கனை கூடைக்குக் கீழேயே நின்று காவல் காக்கலாம். டபிள்யூ.என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கிக் காக்காமல் அந்தப் பகுதியில் 3 விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபௌல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு.

இதன் விளைவை ஒரே ஒரு ஆட்டக் காட்சியில் பார்க்கலாம். எதிரணி கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், பந்தோடு வருகிறார். அவருடைய சக வீராங்கனை ஒருவர் சுவர்போல் நின்று ஸ்கிரீன் போட்டுவிட்டு, திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். நம் இரண்டு பேரும் பந்தை மறிக்கப் போய்விட்டதால், கூடையை நோக்கி ஓடுபவரைத் தடுக்க யாரும் இல்லை. அப்போது எதிர்ப்பக்க மூலையில் ஒருவரைக் காத்து நிற்கும் மூன்றாவது ஆள் உள்ளே வந்து, ஓடி வருபவரை உடம்பால் ஒரு தட்டு தட்டி நிறுத்திவிட்டு, மறுபடி மூலைக்கு ஓட வேண்டும். பயிற்சியாளர்கள் இதை டேக் என்பார்கள். மூலைக்குப் பாஸ் பறந்து வந்து சேர ஒரு விநாடிகூட ஆகாது. உள்ளேயிருந்து மூலைக்கு ஐந்து மீட்டர் ஓட, நின்ற இடத்திலிருந்து கிளம்பினால், ஒரு விநாடிக்கு மேல் ஆகும். பந்து கையைவிட்டுப் போனபின் கிளம்பினால் எப்படியும் தாமதம்தான். பாஸ் போடுபவரின் தோளும் கண்ணும் திரும்பும்போதே கிளம்பியாக வேண்டும். அனுபவசாலிகள் செய்வது அதைத்தான். இளம் வீராங்கனை பந்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறார், அரை விநாடி பிந்துகிறார், பதற்றத்தில் எறிபவரின் கை மேல் விழுகிறார், ஃபௌல். ஐந்து பேரில் ஒருவர் பிந்தினாலும் டிஃபென்ஸ் முழுதும் கிழிந்துவிடும். பலர் புதியவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஃபீவரின் 2022 பருவத்தில் பார்த்தோம். இளம் அணிகளில் தாக்குதல் முதலில் தேறுவதும் டிஃபென்ஸ் பின்தங்குவதும் இதனால்தான். எறிவது ஒருவரின் திறமை. தடுப்பதற்கு ஐந்து பேர் ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

தாக்குதலில் இளமைக்குக் கொடுக்கும் விலை டர்ன்ஓவர், எறியாமலே பந்தை இழப்பது. கிளார்க் தன் முதல் ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தை இழந்தார். அந்தப் பருவம் முழுதும் 223 டர்ன்ஓவர், லீக் வரலாற்றில் ஒரே பருவத்துக்கான சாதனை. அதே பருவத்தில் 337 அசிஸ்ட், அதாவது சக வீராங்கனை கூடையில் போட வழிசெய்த பாஸ். அதுவும் சாதனை. இந்த இரண்டு எண்ணும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை. கல்லூரியில் திறந்து கிடந்த பாஸ் பாதை இங்கே நீளமான கைகளால் அரை விநாடி முன்னதாக மூடப்படுகிறது. எந்தப் பாதை மூடும், எது மூடாது என்று கற்க, போட்டுப் பார்த்துத் தோற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. துணிந்து பாஸ் போடும் புது கார்டை டர்ன்ஓவரைக் காட்டித் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. எச்சரிக்கையாகப் பக்கத்தில் இருப்பவருக்கே பந்தைத் தள்ளிக்கொண்டிருப்பவரின் எண்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவர் எதையும் கற்கவில்லை.

அணி முழுவதற்குமான டர்ன்ஓவரை வீட்டிலேயே கணக்கிடலாம். ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில் இருந்து எறிதல் முயற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44-ஆல் பெருக்கிச் சேருங்கள். தாக்கும்போது பிடித்த ரீபவுண்டுகளை, அதாவது எறிதல் தவறியபின் மீண்டும் கைப்பற்றிய பந்துகளை, கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டுங்கள். 68 எறிதல், 20 ஃப்ரீ த்ரோ, 8 ரீபவுண்ட், 15 டர்ன்ஓவர் என்றால் 68 + 8.8 − 8 + 15 = 83.8. பந்து கைக்கு வந்த வாய்ப்புகள் ஏறக்குறைய 84. அதில் 15 வீண், அதாவது 18 சதவீதம். ஒரு வாய்ப்பின் மதிப்பு சராசரியாக ஒரு புள்ளிக்கு அருகில் இருக்கும். ஆட்டத்துக்கு மூன்று டர்ன்ஓவர் குறைந்தால் மூன்று புள்ளி மிச்சம். புள்ளி வித்தியாசம் சராசரியாக ஒன்று கூடினால் 40 ஆட்டப் பருவத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் வெற்றி கூடும். ஆக மூன்று டர்ன்ஓவரைக் குறைத்தாலே நான்கு வெற்றி வரை நகரலாம்.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் அளக்க முடியும். ஓர் அணியின் உண்மையான பலம் பத்துக்கு நான்கு வெற்றி என்று வைப்போம். 40 ஆட்டத்தில் 16 வர வேண்டும். ஆனால் நாணயம் சுண்டுவது போன்ற ஏற்ற இறக்கம் இதிலும் உண்டு. நியமவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 40 × 0.4 × 0.6-இன் வர்க்கமூலம், அதாவது 3.1. அதே அணி, அதே பலம். மூன்றில் இரண்டு பருவங்களில் 13 முதல் 19 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். 13 வந்தால் ‘பயிற்சியாளரை மாற்று’ என்பார்கள், 19 வந்தால் ‘கோப்பை அடுத்த ஆண்டு’ என்பார்கள். 2024 ஃபீவர் 20-20 என முடித்தாலும், எதிரணிக்குக் கொடுத்த புள்ளிகள் எடுத்ததைவிட ஆட்டத்துக்கு இரண்டுக்கும் மேல் அதிகம். புள்ளி வித்தியாசத்தின்படி அது 17 வெற்றி அணி. அடுத்த பருவத்துக்கான எதிர்பார்ப்பை 17-இலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

எறிதலில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். மூன்று புள்ளி எறிதலில் 35 சதவீதத் திறமையுள்ளவர் 20 முறை எறிந்தால், 25-இலிருந்து 45 சதவீதம் வரை எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிளார்க் 2024-ல் 355 எறிந்து 122 போட்டார், 34.4 சதவீதம். 355 முயற்சிக்கு ஏற்ற இறக்கம் இரண்டரை சதவீதம்தான், ஆகவே அந்த எண்ணை நம்பலாம். அதே ஆண்டு லெக்ஸி ஹல் நூறைத் தொடாத முயற்சிகளில் 47 சதவீதம் போட்டார். அவ்வளவு குறைந்த முயற்சிக்கு ஐந்து சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். அடுத்த ஆண்டு அது 40-க்குக் கீழே இறங்கியதைச் சரிவு என்று சொல்வது தவறு.

டிராஃப்ட் வரிசையும் பாதி குலுக்கல்தான். 2023, 2024 டிராஃப்டுகளுக்கு முன் பிளேஆஃபைத் தவறவிட்ட நான்கு அணிகள் குலுக்கலில் இருந்தன. கடைசி இரண்டு ஆண்டு வெற்றி தோல்வியைச் சேர்த்துப் பார்த்து, மோசமான அணிக்கு 1000-இல் 442 சீட்டு, மற்றவற்றுக்கு 276, 178, 104. இரண்டு ஆண்டு சேர்த்துப் பார்ப்பதால் ஒரே பருவத்தில் வேண்டுமென்றே தோற்றுப் பெரிதாக லாபம் பார்க்க முடியாது. 2023-ல் அலியா பாஸ்டன், 2024-ல் கிளார்க் என இரண்டு முறையும் முதல் தேர்வு ஃபீவருக்கே வந்தது. இரண்டும் அடுத்தடுத்து விழ வாய்ப்பு 0.442 × 0.442, அதாவது 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற அணியின் ரசிகர்கள் இதை முன்மாதிரியாக வைத்துக் கனவு காண்பது ஏமாற்றத்தில்தான் முடியும். முதல் தேர்வு கிடைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. 2021-ல் டாலஸ் விங்ஸ் முதலாவதாக எடுத்த சார்லி காலியரை 2023 பருவம் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டது. அந்த ஆண்டுகளில் ஓர் அணியில் அதிகபட்சம் 12 பேருக்குத்தான் இடம். மெதுவாகத் தேறுபவர்களுக்குக் காத்திருக்க நாற்காலி இருக்காது. ஃபீவரின் 2022 நால்வரில் எங்ஸ்ட்லரும் எக்போவும் 2023 முடிவதற்குள் அணியைவிட்டுப் போய்விட்டார்கள்.

நன்றாக முடிந்த கதைகளும் நேர்கோட்டில் ஏறவில்லை. சியாட்டில் ஸ்டார்ம் 2015-ல் ஜூவல் லாய்டையும் 2016-ல் பிரியானா ஸ்டூவர்ட்டையும் முதல் தேர்வில் எடுத்தது. வெற்றிகள் 34 ஆட்டத்தில் 10, 16, 15. நான்காம் ஆண்டில் 26, கூடவே கோப்பை. 2017-இன் சறுக்கலில் பொறுமையிழந்து ஆட்களைக் கலைத்திருந்தால் 2018 வந்திருக்காது. அந்த இளையவர்களுக்குப் பந்து கொடுத்தவர் 37 வயது சூ பேர்ட் என்பதையும் மறக்கக்கூடாது. லாஸ் வேகாஸ் ஏசஸ் (2017-ல் அது சான் அன்டோனியோ ஸ்டார்ஸ்) 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் முதல் தேர்வு பெற்றது: கெல்சி பிளம், ஏஜா வில்சன், ஜாக்கி யங். வெற்றிகள் 8, 14, 21. கோப்பை வந்தது 2022-ல். யங் மூன்று புள்ளி எறிதலில் 40 சதவீதத்தைத் தாண்டியது தன் நான்காவது பருவத்தில்.

ஆகவே முதல் பருவத்தில் பத்துப் பத்து ஆட்டமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்தில் டர்ன்ஓவர் சதவீதத்தை மட்டும் குறித்து வையுங்கள், வெற்றியை விட்டுவிடுங்கள். இரண்டாவது பத்தில் அது இறங்குகிறதா, ஃபௌல் குறைகிறதா என்று பாருங்கள். மூன்றாவது பத்தில் புள்ளி வித்தியாசம் சுருங்க வேண்டும். பத்துப் புள்ளியில் தோற்ற அணியிடம் அடுத்த முறை நான்கில் தோற்பது முன்னேற்றம்தான். முப்பது ஆட்டம் கழிந்தும் மூலைக்கு ஓடுபவர்கள் பந்து கிளம்பியபின்தான் கிளம்புகிறார்கள் என்றால் அப்போது கவலைப்படலாம். பெரும்பாலும் குறை பயிற்சியில் இருக்கும், அல்லது ஒரே இடத்துக்கு மூன்று பேரை எடுத்துவைத்த தேர்வில் இருக்கும்.

2025-ல் காயத்தால் கிளார்க் 13 ஆட்டம் மட்டுமே ஆடினார். ஃபீவர் அப்படியும் 44 ஆட்டத்தில் 24 வென்று, அரையிறுதியில் ஏசஸை ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றது. 2022 டிராஃப்ட் இரவில் எடுத்த நால்வரில் லெக்ஸி ஹல் மட்டும் அந்தத் தொடரில் ஃபீவர் சட்டையோடு இருந்தார். நலிசா ஸ்மித்தும் அதே தொடரில் இருந்தார், ஏசஸ் சட்டையில்.