ஜன்னல் பட்டி ஏன் வாய் பிளக்கிறது?

கத்திரி வெயிலில் வேலூரில் ஒரு பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் தட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடும். ஐப்பசி மழையில் அதே ஜன்னல் உப்பிக்கொண்டு மூட மறுக்கும். "மட்டமான பட்டி" என்று பழைய ஆசாரியைத் திட்டுவோம். பாவம், அவர் வைத்தது நல்ல பட்டிதான்.

கண்ணாடியை மரச்சட்டத்தில் பிடித்து நிறுத்தும் கண்ணாடிப் பட்டி என்பது சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெயில், அதாவது கடையில் கேட்கும் லின்சீட் ஆயிலில், பிசைந்த மாவு. அது காய்வது ஈரத்துணி காய்வதைப் போல அல்ல. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிறது. அதனால் காயும்போது எடை முதலில் கூடுகிறது! தோசைக்கல் ஓரத்தில் சுரண்டினாலும் வராத பழுப்பு எண்ணெய்க் கறையும் இதற்கு உறவுதான்.

கடலை விளையும் வட ஆற்காட்டில் கடலெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் என்ன? இறுகவே இறுகாது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அதில் கைகோக்க வாகாக மூன்று இரட்டைப் பிணைப்புகள். கடலெண்ணெயில் மிகுதியான ஒலியிக் அமிலத்துக்கு ஒன்றே ஒன்றுதான்.

சிக்கல், இந்த இறுகல் ஓரிடத்தில் நிற்காததுதான். ஆண்டுக்கணக்கில் நடந்து பட்டி கல்லாகிறது. மரமோ கிழடானாலும் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில். அசையாததும் அசைவதும் சேருமிடத்தில் விரிசல் விழுகிறது. நூல் பருமன் விரிசல்தான் ஆபத்து: நுண்புழை விசையால் மழைநீரை உள்ளே இழுத்துவிடும், வெளியே விடாது. கீழ்ச்சட்டத்து மூலைகள் முதலில் உளுத்துப்போவது இதனால்தான்.

முழுப் பட்டியையும் பெயர்க்க வேண்டாம். ஆடுவதை மட்டும் எடுங்கள், கெட்டியாக ஒட்டியிருப்பது இருக்கட்டும். 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், அதன் தூசி நஞ்சு; ஆகவே பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், பிறகு மரத்தை நன்றாகக் காயவிடுங்கள்.

அவசரக்காரர்கள் தவறவிடும் படி அடுத்தது. வெயிலில் வறண்ட மரம் வடைபோல எண்ணெய் குடிக்கும். பட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது வெறும் சாக் பவுடர், உதிர்ந்துவிடும். முதலில் மரத்துக்கே லின்சீட் ஆயிலோ பிரைமரோ பூசிவிட்டு, பிறகு பட்டியை அழுத்தி, மழைநீர் வழியச் சரிவாக இழுங்கள். ஓரிரு வாரத்தில் மேலே தோல் கட்டியதும் பெயின்ட்; அது கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் ஏறட்டும், அதுதான் மழைக்கு அடைப்பு. சிலிக்கான் பசை சுலபம்தான், ஆனால் அதன்மேல் பெயின்ட் ஒட்டாது.

என் கணக்கில் தை, மாசிதான் இதற்குத் தோதான காலம். மே மாதத்தில் இடுக்கு அகலமாக இருக்கும்போது அடைத்தால், மழையில் உப்பும் மரம் பட்டியைப் பிதுக்கித் தள்ளும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். கைகோக்கும் அதே வேதிவினை வெப்பம் தருவது. சுருட்டலுக்குள் அந்தச் சூடு தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.