பிளானில் அடிமட்டம் வைக்காதீர்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார். கோப்பாய்ப் பக்கம் புது வீடு, டைல் பதிக்கிற வேலை கடைசி அறையில் வந்து நிற்கிறது. முப்பதுக்கு மேல் குறைகிறதாம். கடையில் அதே டிசைன் இருக்கிறது, ஆனால் பெட்டியில் உள்ள ஷேட் இலக்கம் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று வெள்ளை, மற்றது பழுப்பேறின வெள்ளை. பதிக்கிறவர் "காய்ஞ்சாச் சரி வரும்" என்று சொல்லியிருக்கிறார். வராது.

"ஆர் அளந்தது?"

"மருமகன்தான் ஐயா. கியூ.எஸ்., அதுதான் கட்டட அளவுக் கணக்கு, படிக்கிறான். பிளானை வைச்சு வடிவா அளந்தவன்."

"எதால அளந்தவர்?"

"அடிமட்டத்தாலதான்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. கொமியூனிகேசன் கடையில் பிரின்ட் எடுத்த தாளில் அடிமட்டத்தை வைத்து அளப்பதைத்தான் பலர் அளவெடுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பிளானில 1:100 எண்டு போட்டிருக்குத்தானே" என்பது அடுத்த வாதம். போட்டிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த 1:100, அதாவது தாளில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு மீற்றர் என்ற கணக்கு, வரைந்தவர் எந்த அளவுத் தாளுக்கென்று வரைந்தாரோ அந்தத் தாளில் மட்டும்தான் சரி. தாள் சுருங்கினால் கோடும் சுருங்கும். மூலையில் எழுதியிருக்கிற 1:100 மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

ஏ1 தாள் 594க்கு 841 மில்லிமீற்றர். ஏ3 தாள் 297க்கு 420. அதாவது சரி பாதி. ஏ1 இல் 1:100 ஆக வரைந்ததை ஏ3 இல் எடுத்தால் அது 1:200. இது கூடப் பெரிய ஆபத்தில்லை. பன்னிரண்டு மீற்றர் வீடு ஆறு மீற்றராக வந்தால் யாருக்கும் கண்ணில் படும். ஆபத்து, கண்ணில் படாத சுருக்கம். பிரின்ட் எடுக்கும்போது 'தாளுக்குள் அடக்கு' என்ற தெரிவு பெரும்பாலும் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். ஓரம் விடுவதற்காக இயந்திரம் படத்தை நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று சத்தமில்லாமல் சுருக்கிவிடும். 12 மீற்றர் நீளம் 1:100 இல் 120 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். ஐந்து வீதம் சுருங்கினால் 114. அடிமட்டக்காரர் 11.4 மீற்றர் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிப்பார்.

"அஞ்சு வீதம்தானே ஐயா?" இல்லைத் தம்பி. நீளமும் சுருங்கியிருக்கிறது, அகலமும் சுருங்கியிருக்கிறது. 12க்கு 10 என்றால் 120 சதுர மீற்றர். 11.4க்கு 9.5 என்றால் 108.3. கிட்டத்தட்டப் பத்து வீதம் போய்விட்டது. குறைகிற 11.7 சதுர மீற்றருக்கு இரண்டடி டைல் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வரும். அத்திவாரத்தின் ஆழத்தையும் அதே தாளில் அளந்தால் கொங்கிறீற்றில் பதினான்கு வீதம் குறையும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்த பிளான் இன்னும் மோசம். மேசையில் விரித்துச் சரிவாகப் படம் எடுத்திருந்தால் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அதில் எந்த அளவுத்திட்டமும் நிற்காது. கணினியில் அளக்கிறோம், பிழைக்காது என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: தெரிந்த ஒரு நீளத்தைக் கொடுத்து மென்பொருளைச் சரிப்படுத்தாவிட்டால் அதுவும் அடிமட்டம்தான், விலை கூடின அடிமட்டம். எழுதியிருக்கிற அளவுகளில் நீளமான ஒன்றைக் கிடையாகவும் ஒன்றை நிலைக்குத்தாகவும் எடுத்துச் சரிபாருங்கள். ஒரு திசை மட்டும் போதாது.

அப்போ எதை நம்புவது? எழுதியிருக்கிற எண்ணை. கோட்டை அல்ல. வரைபவர்கள் கடைசி நேரத்தில் வீட்டுக்காரர் கேட்ட மாற்றத்துக்காகக் கோட்டை இழுக்காமல் எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிடுவதும் உண்டு (அவர்களோடு எனக்குத் தனிச் சண்டை). எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் உள்ள சின்ன அளவுகளையெல்லாம் கூட்டி, வெளியே எழுதியிருக்கிற முழு அளவோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்யாதீர்கள். வரைந்தவருக்கு ஃபோன் எடுங்கள், அவர் சொன்னதைத் திகதியோடு தாளில் எழுதுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் சில. வெளிச்சுற்றை அப்படியே சுவர் நீளமாக எடுக்காதீர்கள், மூலைகள் இரண்டு தரம் எண்ணப்படும். 12க்கு 10 மீற்றர் வீடு, 200 மில்லிமீற்றர் சுவர் என்றால் வெளிச்சுற்று 44, சுவரின் நடுக்கோட்டுச் சுற்று 43.2. மூன்று மீற்றர் உயரத்துக்கு அந்த வித்தியாசம் 2.4 சதுர மீற்றர், ஏறத்தாழ முப்பது சீமெந்துக் கல். உட்சுவர்களை உள்ளளவிலேயே எடுங்கள். சுவர் பீமின் அடியோடு முடிகிறது, கூரை வரைக்கும் இழுக்காதீர்கள். தூணின் கம்பி நிலமட்டத்தில் தொடங்குவதில்லை, அத்திவாரத்தில் இருந்து வருகிறது. ஒட்டுக்கு (அடுத்த கம்பியோடு சேர்த்துக் கட்டுவதற்கு) மேலேறும் நீளத்தை விட்டுவிட்டுக் கம்பி குறைகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அடி அங்குலம்! 5 அடி 6 அங்குலத்தை எக்செல்லில் 5.6 என்று அடிக்கிறார்கள். அது 5.5. 5 அடி 10 அங்குலம் 5.1 ஆகவும் வந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன். பிளான் மில்லிமீற்றரில், மேசன் அடியில், கல் அங்குலத்தில், மணல் கியூப்பில் இருக்கிற ஊர் இது. ஒரு கியூப் நூறு கன அடி, 2.83 கன மீற்றர். உழவு இயந்திரப் பெட்டி ஒன்று ஒரு கியூப் என்று யாராவது சொன்னால் பெட்டியை அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். ஈர மணல் பொங்கி நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கட்டட வேலையை அளக்கும் முறைக்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 573. அதன்படி அளப்பது கட்டி முடிந்த வேலையின் நிகர அளவை. கடையில் வாங்க வேண்டிய அளவு அதைவிடக் கூட; வெட்டும்போது போவது, உடைவது, சிந்துவது எல்லாம் அதில் சேரும். பில்லுக்கு (வேலையின் அளவுப் பட்டியலுக்கு) எடுத்த கணக்கை அப்படியே கடைக்காரரிடம் நீட்டுவது பிழை. வாங்கும் கணக்கை பில்லில் போடுவது அதைவிடப் பெரிய பிழை.

ஒரு அறையையாவது கையால் எடுத்துப் பழகுங்கள். அளவுத் தாளில் எத்தனை தரம், நீளம், அகலம், உயரம் என்று ஒரே ஒழுங்கில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதுங்கள். எடுத்து முடித்ததைப் பிளானில் நிறப் பென்சிலால் தீட்டுங்கள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எக்செல்லில் இருக்கிற மொத்தத் தொகை வாய் திறக்காது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பிளானைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். கடைசியாகத் திருத்தியது எதுவோ அதை மட்டும் அனுப்புங்கள், பழையதையும் சேர்த்து அனுப்பினால் இங்கே இரண்டையும் கலந்து அளப்பார்கள். பொறியியலாளர் வரைந்த கட்டமைப்புத் தாள்களும் கூட வர வேண்டும். அறை எங்கே, கதவு எங்கே என்று காட்டுகிற தாளை மட்டும் அனுப்பிவிட்டு, "அண்ணை, கம்பி எவ்வளவு முடியும், சும்மா ஒரு கணக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டால் நான் பதில் போடப்போவதில்லை.