வேலிக்குள் வராத பீஸ் ரேட்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். தெரிந்தவர் ஒருவரின் கம்பெனிக்குக் கூலிக் கணக்குப் போட, பிஎச்பி என்ற இணையப் புரோகிராம் மொழியில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "ஏனுங்க தம்பி, இந்த வாரம் யாருக்குமே கூலி இல்லைங்குதுங்களே உங்க புரோகிராமு?"

யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற எண்ணிக்கை சரியாக இருந்தது. பீஸ் ரேட்டும் செட்டிங்ஸ் ஃபைலில் பத்திரமாக இருந்தது. இரண்டையும் பெருக்கினால் மட்டும் சைபர். அன்று மதியம் நான் செய்த திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: பெருக்கும் வரியைத் தூக்கி ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் தனிக் கட்டளைத் தொகுப்புக்குள், வைத்திருந்தேன்.

செட்டிங்ஸ் ஃபைலைப் புரோகிராமுக்குள் கொண்டுவரும் கட்டளை 'இன்க்ளூட்'. அதைக் கேட்டதும் இரண்டு ஃபைல்களுக்கு நடுவே கம்பி இழுத்து இணைப்பது போலப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. அந்த வரிக்கு வந்ததும் பிஎச்பி அந்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதை அங்கேயே ஓட்டுகிறது. நாமே அந்த இடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி. பக்கத்தின் உச்சியில் இன்க்ளூட் போட்டால், ஃபைலில் உள்ள $ரேட் என்ற வேரியபிள் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) குளோபல், அதாவது எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே பொதுவில் இருப்பது, ஆகிவிடும். (பெயரைத் தமிழில் வைத்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும். கூட வேலை செய்கிறவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு கதை.)

ஆனால் ஃபங்ஷன் என்பது காங்கயம் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் மாதிரி. சுற்றிலும் கிளுவை வேலி, நுழைய ஒரு படல். வெளியே நிற்கும் மாடு தானாக உள்ளே வராது, உள்ளே மேய்வது தானாக வெளியே போகாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியில் உள்ளே இருந்துகொண்டே வெளியே உள்ள வேரியபிளைப் படிக்கலாம். அந்தப் பழக்கத்தோடு பிஎச்பிக்கு வருகிறவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான். ஃபங்ஷனுக்குள் எழுதிய $ரேட் வேறு, வெளியே இருக்கும் $ரேட் வேறு. உள்ளே இருப்பதற்கு மதிப்பே கொடுக்கவில்லை. அதை 300 பீஸால் பெருக்கினால் சைபர்தான் வரும். பிஎச்பி முனகத்தான் செய்யும்: 8.0-க்கு முன்பு 'நோட்டீஸ்', அதன் பிறகு 'வார்னிங்'. ஆனால் நிஜ சர்வரில் பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாதபடி அணைத்து வைப்பதுதான் வழக்கம். முனகல் யார் காதிலும் விழாது.

படலைத் திறக்க வழி உண்டு. ஃபங்ஷனுக்குள் 'குளோபல் $ரேட்' என்று ஒரு வரி போதும். எனக்கு அது பிடிக்காது. அப்படித் திறந்தால் உள்ளே இருப்பவர் வெளியே உள்ள ரேட்டை மாற்றவும் செய்யலாம். நாளைக்கு ஓவர்டைம் கணக்குக்கென்று இன்னொரு ஃபைலை இன்க்ளூட் செய்து, அதிலும் யாரோ $ரேட் என்றே பெயர் வைத்திருந்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிடும். அதற்கு நோட்டீஸ்கூட வராது.

சரி, ஃபங்ஷனுக்குள்ளேயே செட்டிங்ஸ் ஃபைலை இழுத்துக்கொண்டால்? வேலை செய்யும், ஒரு தடவைக்கு. ஒரே ஃபைல் இரண்டு முறை வரக்கூடாதென்று பலர் இன்க்ளூடுக்குப் பதில் 'ரிக்வயர் ஒன்ஸ்' போடுவார்கள். முதல் ஃபங்ஷன் கூப்பிடும்போது ஃபைல் அதன் வேலிக்குள் ஓடும், $ரேட் அங்கே பிறந்து அங்கேயே மடியும். இரண்டாவது ஃபங்ஷன் கூப்பிடும்போது, "ஏற்கெனவே வந்தாச்சு" என்று பிஎச்பி ஃபைலை ஓட்டாமல் விட்டுவிடும். மறுபடி சைபர். இதில் வேடிக்கை, அதே ஃபைலில் எழுதியிருக்கும் ஃபங்ஷன்களும் கிளாஸ்களும் மட்டும் எந்த வேலிக்குள் இறக்கினாலும் ஊர்ப் பொதுவாகிவிடும். கட்டுப்படுவது வேரியபிள் மட்டுமே. அதனால் செட்டிங்ஸ் ஃபைலில் வேரியபிளே வைக்காமல் ஒரு அர்ரேயை (மதிப்புகளின் பட்டியலை) 'ரிட்டர்ன்' செய்ய, அதாவது திருப்பித் தர, வைப்பது நல்லது. இன்க்ளூட் செய்கிற இடத்தில் அதை விரும்பிய பெயரில் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபைல் கிடைக்காவிட்டால் இன்க்ளூட் எச்சரித்துவிட்டு மேலே போகும், அதன் இணைக் கட்டளையான ரிக்வயர் அங்கேயே நிறுத்திவிடும். சம்பளக் கணக்கு என்றால் ரிக்வயர்தான்.

பொதுவில் கிடக்கும் வேரியபிள் எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பிஎச்பியின் சொந்த வரலாறே சாட்சி. 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. முகவரிப் பட்டையில் யார் எதைத் தட்டினாலும் அது அப்படியே குளோபல் வேரியபிளாக உள்ளே வந்துவிடும். இன்க்ளூட் செய்யும் ஃபைலின் பாதையே ஒரு வேரியபிளில் இருந்து, அதற்குப் புரோகிராம் முதலில் மதிப்புக் கொடுக்க மறந்திருந்தால், வெளியாள் தன் சர்வரில் உள்ள ஃபைலின் முகவரியை அதில் திணித்து நம் சர்வரில் ஓட்டவைக்க முடிந்தது. 2002-இல் வந்த 4.2.0 பதிப்பில் இந்த வசதியை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். அடியோடு நீக்கியது 2012-இல், 5.4 பதிப்பில்தான்.

அன்றைக்கு நான் ரேட்டை ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் படல் வழியாக முறையாகக் கொடுத்து, சர்வரில் ஏற்றி, போன் செய்தபோது மணி ஏழரை.

"கால்குலேட்டர்லயே போட்டு ஆறு மணிக்கே குடுத்துட்டனுங்க தம்பி. நீங்க மெதுவாப் பாருங்க."