ஸ்கார்ம் பேக்கேஜ் கைக்கு வந்ததும் பணத்தை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள்

நிறுவனங்களுக்கு எல்எம்எஸ், அதாவது ஊழியர்கள் ஆன்லைனில் பாடம் படிக்கவும் யார் முடித்தார்கள் என்று பதிவாகவும் வைக்கும் மென்பொருள், அமைத்துக் கொடுப்பது என் தொழில். எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "சார், கோர்ஸை முழுசா முடிச்சுட்டாங்க, ரிப்போர்ட்ல மட்டும் இன்கம்ப்ளீட்னே இருக்கு." தீத்தடுப்புப் பயிற்சி மாதிரி கட்டாயப் பாடம் என்றால் இது சின்ன விஷயமில்லை. ஆடிட்டர் பதிவைத்தான் பார்ப்பார். ஷிஃப்ட் முடிந்து களைப்போடு உட்கார்ந்து பாடத்தை முடித்த தொழிலாளியை மறுபடி முதலிலிருந்து உட்கார வைப்பார்கள். அது அநியாயம், அதைத் தவிர்க்கவும் முடியும்.

ஸ்கார்ம் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டம் 2000-ல் வெளியிட்ட தரநிலை. ஒருமுறை தயாரித்த பாடம் எந்த எல்எம்எஸ்ஸிலும் ஓட வேண்டும் என்பதே நோக்கம். அந்தத் தரநிலைப்படி பாடத்தை அடக்கி வரும் ஜிப் ஃபைல்தான் ஸ்கார்ம் பேக்கேஜ். 2001-ல் வந்த 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது, அதற்கு அப்புறம் வந்தது ஸ்கார்ம் 2004. நீங்கள் மூடில் (Moodle) என்ற எல்எம்எஸ் வைத்திருந்தால் 1.2-லேயே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் 2004-ன் சீக்வென்சிங் விதிகளை (எந்தப் பகுதிக்கு அப்புறம் எது திறக்க வேண்டும் என்பவற்றை) மூடில் முழுமையாகப் பின்பற்றாது.

பலருக்கும் தெரியாத ஒன்று, பாடத்தை யார் முடித்தார்கள் என்று எல்எம்எஸ் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பேக்கேஜ் என்ன சொல்கிறதோ அதை அப்படியே குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். என்ன சொல்ல வேண்டும் என்பதை, பாடத்தைத் தயாரித்துத் தரும் வெண்டர் அதைப் பேக்கேஜாகப் பப்ளிஷ் செய்யும்போது தேர்ந்தெடுக்கிறார்: எல்லா ஸ்லைடும் பார்த்தால் போதுமா, தேர்வில் பாஸாக வேண்டுமா? எல்லா ஸ்லைடும் என்று வைத்துவிட்டால், 'விரும்பினால் படிக்கலாம்' என்று ஓரமாக வைத்த ஒரு ஸ்லைடைத் திறக்காதவருக்குக்கூட இன்கம்ப்ளீட்தான். போதாததற்கு 1.2-ல் முடித்தாரா, தேறினாரா என்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டேட்டஸ்தான் உண்டு. 2004-ல்தான் அவை தனித்தனியாகின. ஆகவே இந்த விதியை நீங்கள் முடிவு செய்து எழுத்தில் கொடுங்கள், வெண்டரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

அடுத்தது, பாதியில் விட்டுப் போய்த் திரும்பி வருவது. விட்ட இடத்தை நினைவில் வைக்க 1.2 தரும் இடம் 4096 எழுத்துகள் மட்டுமே. நீளமான பாடம், ஸ்லைடுக்கு ஸ்லைடு கேள்வி என்றால் அது சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்குமேல் சேமிக்காது. சாப்பிடப் போய்விட்டு வந்தவர் பழைய ஸ்லைடிலோ முதல் ஸ்லைடிலோ போய் நிற்பார். மூடிலில் இந்த வரம்பைத் தளர்த்த ஒரு செட்டிங் இருக்கிறது, ஆனாலும் பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பதுதான் நல்லது என்பேன்.

எக்ஸிட் பட்டனை அழுத்தாமல் விண்டோவை மூடுகிறவர்கள்தான் ஏராளம். மூடும் நொடியில் தகவலை அனுப்பப் பழைய பேக்கேஜ்கள் பயன்படுத்திய வழியை 2020-லிருந்து குரோம் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு ஸ்லைடிலும் சேமிக்கிறதா என்று வெண்டரிடம் கேளுங்கள், கேட்டதோடு நிற்காமல் நீங்களே சோதியுங்கள். அட்மின் லாகினில் இல்லை, ஒரு சாதாரண ஊழியருக்கான லாகினில், அவர்கள் கையில் இருக்கும் அதே மாதிரி போனில் திறந்து பாருங்கள். பாதியில் அப்படியே மூடுங்கள், திரும்பத் திறங்கள், தேர்வில் வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள், பிறகு பாஸாகுங்கள். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டில் என்ன விழுகிறது என்று எழுதி வைத்து, எல்லாம் சரி என்றால் மட்டும் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பேக்கேஜ் அப்லோடே ஆகவில்லையா? ஜிப்பைத் திறந்து பாருங்கள். ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் திறந்தவுடன் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும், ஃபோல்டரோடு ஜிப் செய்திருந்தால் அது ஒரு படி உள்ளே போயிருக்கும்.

அப்புறம் சோர்ஸ் ஃபைல். ஸ்டோரிலைன் என்ற பாடம் தயாரிக்கும் மென்பொருளில் செய்த பாடம் என்றால் அந்த மூல ஃபைலும் உங்களுக்குச் சேர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். 2020 கடைசியில், பழைய பாடங்கள் பிரவுசரில் ஓடப் பயன்பட்ட ஃபிளாஷ் நின்றபோது மூலம் கையில் இருந்தவர்கள் புது வடிவில் மறுபடி பப்ளிஷ் செய்துகொள்ள முடிந்தது. ஜிப் மட்டும் வைத்திருந்தவர்கள் பாடத்தைப் புதிதாகச் செய்ய மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.